அப்பாவின் கைக்கு ஒரு நல்ல வார்த்தை

சேரன்மாதேவி

அன்பு மகன் பெருமாள்ராஜுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நீ அனுப்பிய படத்தில் தெரிகிற தொப்பையே சொல்லிவிட்டது, அதனால் அதைத் தனியாகக் கேட்கவில்லை. இங்கே நானும் நம்ம வெள்ளாடும் சுகம். உன் அப்பாதான் சுகமில்லை. டாக்டரிடம் காட்டியாச்சு, உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். போனில் சொல்லலாம் என்றால் இந்த ஒற்றை அறை வீட்டில் நான் மூச்சு விட்டாலும் அவர் காதில் விழும், போனை வெளியே எடுத்துப் போனால் யாரிடம் பேசினாய் என்பார். நம் தெருவுக்குத் துணி விற்க வருகிற காயல்பட்டினத்து ஆபிதா பீவியின் மகன் நீ இருக்கிற கத்தாருக்குத்தான் திரும்புகிறானாம், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

நாங்குநேரியில் ஒரு பெரிய கல்யாணம், அப்பாதான் சமையல். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேங்காய்ப்பால் சொதியும் அவர் கைதான். பந்தியெல்லாம் முடிந்து பெண்ணின் தகப்பனார் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் துண்டு போட்டு நன்றி சொன்னாராம். போட்டோக்காரர், பூ அலங்காரம் செய்தவர், பாட்டுக் கச்சேரிக்காரர், கார் ஓட்டி வந்தவர் வரைக்கும். நம்ம ஆள் கரி பிடித்த கைலியை மாற்றி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைக்கூடச் சீவிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். கூப்பிடவே இல்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கிற சிவசைலம்தான் என்னிடம் சொன்னான், சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வருகிற வேனில் அப்பா அவனிடம், "ஏலே, இன்னைக்குச் சாப்பாடு எப்படிலே இருந்திச்சு?" என்று கேட்டிருக்கிறார். நல்லாயிருக்கு என்று சொன்னால் அடுப்புக்குக் கண்பட்டுவிடும் என்று சமையல்காரர்களுக்குள் யாரும் சொல்லமாட்டார்கள், உனக்குத் தெரியும். அவனும் வழக்கப்படி, "கொறை ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று முடித்துவிட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார், "ஏட்டி, எங் கையில இன்னும் ருசி இருக்கா?" என்று. நான் என் வழக்கப்படி, "இத்தன வருசமாத் தின்னுட்டும் உசுரோட கெடக்கேனே, அது போதாதாக்கும்?" என்றேன். எப்போதும் சிரிக்கிற மனுசன் அன்று சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அடுப்புப் பக்கம் போகவில்லை. கஞ்சி வைத்தால் பாதி அப்படியே இருக்கிறது. கரண்டிகளைச் சாக்கில் கட்டிச் சிவசைலத்திடம் கொடு என்கிறார். அம்பாசமுத்திரத்துக் கல்யாணக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள், வேற ஆளப் பாருங்க என்று அனுப்பிவிட்டார். அதுகூடப் போகட்டும், ஆற்றுக்குக் குளிக்கப் போனால் திரும்பி வருவதில்லை, கல்மேல் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறார். துணி துவைக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போகிறேன். துவைத்த சேலையையே திரும்பத் திரும்பத் துவைத்து அது நூலாகிவிட்டது. முந்தாநாள் ஆள் முங்குகிற ஆழத்துக் கசத்துப் பக்கம் இறங்கினார் பார், நான் போட்ட கூச்சலில் அக்கரையில் மாடு குளிப்பாட்டுகிறவன் திரும்பிப் பார்த்தான். கரையேறி வந்து, "காலத் தேய்க்கத்தாம்ட்டி எறங்குனேன், எதுக்கு ஊரக் கூட்டுத?" என்கிறார். இருக்கலாம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் சொல்லிப் பார்த்தேன் எய்யா. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, ஒங்க கைச் சாப்பாடு மாதிரி இந்த ஆத்தங்கரையிலயே கெடையாது என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும்ட்டி, இப்பமாவது கேலிய விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாயைத் திறந்தாலே கேலி என்று ஆகிப்போனவள், உண்மையைச் சொல்ல இன்னொரு வாய்க்கு எங்கே போவேன்? நீதான் சொல்லவேண்டும். நீ வாயாடி இல்லை, நீ சொன்னால் நம்புவார். சும்மா நல்லாயிருக்கும் என்று சொல்லாதே, அதைப் பந்தியில் ஏப்பம் விடுகிறவனும் சொல்வான். பத்தாம் வகுப்பில் பெயிலாகி வீட்டுக்கு வரப் பயந்து பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாயே, அப்பா கூட்டிவந்து, திட்டாமல் ஒன்றுமே கேட்காமல் சொதி வைத்துப் போட்டாரே, நீ அழுதுகொண்டே திரும்பத் திரும்ப வாங்கித் தின்றாயே, அதைச் சொல். அன்று அது உன் மனசை என்ன செய்தது என்று சொல். என்னிடம்கூட நீ அதைச் சொன்னதில்லை. அப்படியே உங்கள் கேம்பில் சமைத்துப் போடுகிறாரே ஒரு நேபாளத்துக்காரர், அவர் முன்னாலும் போய் நின்று, இன்ன குழம்பு நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, பாஷை வராவிட்டால் கையைக் காட்டு. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பேசாமல் நடந்துவிடாதே. அவரும் யாருக்கோ அப்பாதான்.

கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. லீவு வரட்டும், சம்பளம் வரட்டும் என்று இருந்துவிடாதே. நான் எழுதியது அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் உன் பேச்சையும் என் கேலியோடு சேர்த்துவிடுவார். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். வெயிலில் தொப்பி போடு. சொரிமுத்து அய்யனார் உன் தலைமாட்டில் நின்று காப்பார். எய்யா, அம்மா எழுதியதுதானே என்று இதைச் சிரித்துக்கொண்டே படித்து மடித்து வைத்துவிடாதே. இது விளையாட்டு இல்லை.

உன் அம்மா
இசக்கி