ஆடிக்குள் ஓர் இடம்

ஜூலை 22, புதன். ஆடி 6.

காலையிலேயே புழுக்கம். பிறகு காற்று. அம்மாவின் நாஸ்தா கடைத் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போய் எதிரே பஞ்சர் கடை மேல் விழுந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தார்ப்பாய் எம்மாத்திரம். நான்தான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

இட்லி சீக்கிரம் தீர்ந்தது. சட்னி மீதி.

ஜெனி போன். பள்ளியில் எனக்கு ஒரு வருடம் சீனியர், இப்போது செங்கல்பட்டுக் காலேஜில் பி.காம். இரண்டாம் வருடம். அங்கே சில குரூப்பில் இடம் நிரம்பவில்லையாம். ஆன்லைனில் விண்ணப்பம் போடாதவர்களையும் நேரில் எடுக்கப் போகிறார்களாம். "போய் கேட்டுட்டு வந்துரலாம் மச்சி. லேட்டு பண்ணா இதுவும் பூடும்" என்றாள்.

கையெல்லாம் மாவு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கேட்டேன். மே மாதமே முடிந்துபோனது என்று நினைத்திருந்தேன்.

மே மாதக் கதையை எழுதியே விடுகிறேன், வயிற்றெரிச்சலாவது குறையும். மதுராந்தகத்து வரன். பையனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. வந்தார்கள், பார்த்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், சித்திரை போகட்டும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நான் அப்போது காலேஜ் விண்ணப்பத்தை போனில் பாதி நிரப்பியிருந்தேன். அம்மா நிறுத்தச் சொன்னாள். படிக்கப் போகிற பெண் என்றால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்களாம், பதில் வரட்டுமாம். பதில் வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அப்புறம் பதிலும் வந்தது. ஜாதகம் சரியில்லையாம். பஜ்ஜி சாப்பிடும்போது மட்டும் சரியாக இருந்தது.

இப்போது ஆடி. கல்யாணப் பேச்சுக்கு விடுமுறை. ஆவணி பிறந்தால் தரகர் பெருமாள் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு வருவார். அதற்குள் நான் காலேஜில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 23, வியாழன்.

கடை முடிந்ததும் ரேஷனுக்கு என்று சொல்லிவிட்டு செங்கல்பட்டு. பொய்தான். ஜெ. கூட வந்தாள்.

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது முன் சீட்டில் இரண்டு அம்மாக்கள். "கழுகு இன்னும் வருதா?" "அது நின்னு எத்தினி வருசம் ஆச்சி. நாமதான் வந்துகினு கீறோம்."

காலேஜ் ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு சார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. பி.காம். இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. தாவரவியல் இருக்கிறது, ஆனால் நான் பிளஸ் டூவில் காமர்ஸ் என்பதால் கிடையாது. வரலாறு இருக்கிறது, கொஞ்சம்தான். ஆகஸ்ட் 3 திங்கள் காலை வர வேண்டும். கொண்டுவர வேண்டியவை:

டி.சி. அசல்
மார்க் ஷீட்
சாதிச் சான்று
ஆதார், போட்டோ
அப்பா அல்லது அம்மா

கடைசி அயிட்டம்தான் கஷ்டம்.

ஜூலை 24, வெள்ளி.

விடிவதற்கு முன்பே ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. பள்ளிக்குப் போய் டி.சி. கேட்டேன். எழுதிக் கொடுக்கிற மேடம், மற்றவர்கள் எல்லாம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, இவ்வளவு நாள் தூங்கினாயா என்றார். ஆமாம் மேடம் என்றேன். வாக்குவாதம் செய்தால் நாளைக்கு வா என்பார்கள். கையில் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

மத்தியானம் வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. "ஆடில போயி எவனாச்சும் நல்லது ஆரம்பிப்பானா? காலைல கடையில யாரு கீறா, நீ பூட்டா?" என்றாள்.

அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. விடிகாலையில் அவளுக்கு இரண்டு கை போதாது. ஆனால் என் இரண்டு கையையும் வேறு யாருக்கோ கல்யாணம் பண்ணிக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள், அப்போது கடைக்கு யார் என்று கேட்கவில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னேன். முறம் கீழே வந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 26, ஞாயிறு.

மாமல்லபுரம், ஜெ. வீட்டுக்கு. சான்றிதழ் எல்லாம் ஜெராக்ஸ். அவள் வீட்டில் வறுத்த நெத்திலி, நிறைய.

சாயங்காலம் படகுகள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். காற்றில் வாயெல்லாம் மணல். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அக்கவுண்ட்ஸ்தான் எனக்குப் பிடிக்கும். இரண்டு பக்கமும் சரியாக வந்து நிற்கும்போது ஒரு சந்தோஷம். வரலாற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பிளஸ் டூவில் அந்தப் பாடமே கிடையாது.

ஜெ. சொன்னது: "மொதல்ல உள்ள பூந்துரு மச்சி. வெளிய நின்னுகினு குரூப்பு புடிக்கல, வாத்தியார் புடிக்கலன்னு பேச முடியாது. உள்ள இருந்துதான் பேச முடியும்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் வெள்ளைக்காரர்கள், கைடுகள், கோயில் சுவர். சின்ன வயதிலிருந்து இந்தப் பக்கம் வருகிறேன். எதை யார் செதுக்கினார்கள் என்று கேட்டால் பல்லவர்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்றால் கொஞ்சம் வெட்கம்தான்.

சரி, வரலாறு.

ஜூலை 28, செவ்வாய்.

மேகமூட்டம். மழை இல்லை.

அப்பா திருப்போரூரில் ஒரு மனை விற்கிற ஆபீசுக்குக் கமிஷன் ஆள். நாவலூர் அபார்ட்மெண்ட்காரர்களை வேனில் ஏற்றி வந்து இடம் காட்டுவது வேலை. வாய்தான் மூலதனம். அவர் கணக்கில் 'நடக்கிற தூரம்' என்றால் பஸ்ஸில் அரை மணி. வாட்ஸாப்பில் போடுகிற விளம்பரப் படத்தை மட்டும் நான் செய்துகொடுப்பேன்.

இன்று கேட்ட படம்: மஞ்சள் எழுத்து, பின்னால் ஆறு. 'ஆடிப்பெருக்கு அதிரடி. அன்று தொட்டது துலங்கும். உங்கள் மனையை அன்றே பதிவு செய்யுங்கள்.' தேதி போடும்போதுதான் உறைத்தது. ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 3, திங்கள். காலேஜில் சொன்ன அதே நாள்.

படத்தை அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவே வந்து கேட்டார்.

"ரெடிப்பா. ஒரு சந்தேகம். தொட்டது துலங்கும்னு போட்டுகீறியே, அது மனைக்கு மட்டுமா, மனுசிக்கும் உண்டா?"

சிரித்தார். பிறகு தேதியைப் பார்த்தார். அன்றைக்கு சைட்டில் புக்கிங் இருக்கிறதே என்று இழுத்தார். எனக்கும் புக்கிங்தான் என்றேன். அம்மாவை என்ன செய்வது என்றார். தினம் ஒரு வேன் ஆட்களை மடக்குகிறாய், ஒரு ஆளை மடக்க முடியாதா என்றேன்.

போய் மடக்கப் பார்த்தார். நான் அடுப்பங்கரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். காலேஜ் மெயின் ரோட்டு மேலேயே இருக்கிறதாம், தண்ணீர் வசதியாம், ஸ்டேஷன் நடக்கிற தூரமாம். அம்மா, "எனக்கேவா மனை விக்கிற?" என்று கேட்டுவிட்டு அரிசி ஊறவைக்கப் போய்விட்டாள்.

ஜூலை 31, வெள்ளி.

மோசமான நாள். அல்லது நல்ல நாள், தெரியவில்லை.

தரகர் பெருமாள் காலையில் கடைக்கு வந்தார். ஆடியில் அவருக்கு வேலை இல்லை, பொங்கல் சாப்பிட வந்தார். சாப்பிடுகிற வாய் சும்மா இருக்காதே. மதுராந்தகத்துப் பையனுக்கு ஆவணியில் கல்யாணமாம். பெண் பி.காம்.

"டிகிரி புள்ளதான் ஓணும்னு சொல்லிட்டாங்கம்மா. ஜாதகம்னு சொன்னது, உங்க மனசு நோவக்கூடாதுன்னு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் பதிலுக்காக நான் விண்ணப்பத்தை நிறுத்தினேன், அவர்கள் டிகிரி இல்லை என்று என்னை நிறுத்தினார்கள். பின்பக்கம் போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். மாப்பிள்ளை போனதற்கு இல்லை, அவர் முகமே எனக்குச் சரியாக நினைவில்லை. ஆத்திரம்தான்.

அம்மா பெருமாளுக்கு இரண்டாவது கரண்டி சாம்பார் மட்டும் ஊற்றவில்லை. அவர் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம், கடையைக் கழுவும்போது, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "திங்கக்கெழம பத்தரைக்கு எமகண்டம். அதுக்குள்ள கையெழுத்து போட்டுட்டு வந்துருங்க."

சம்மதித்துவிட்டாள். எதற்காக என்று எனக்குத் தெரியும். ரோடு வந்தால் மனை விலை ஏறுகிற மாதிரி, டிகிரி வந்தால் நானும் ஏறுவேன். இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் உள்ளே பூந்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு.

மாரியம்மன் கோயிலில் கூழ். வரிசையில் நின்று தூக்கு நிறைய வாங்கிவந்தேன். ஸ்பீக்கர் சத்தத்தில் போன் பேச முடியவில்லை. நீல சுடிதார் தேய்த்தாயிற்று. பைல் தயார். அப்பா காலையில் வேன் ஆட்களை சைட்டில் இறக்கிவிட்டு நேராகக் காலேஜுக்கு வருவதாகச் சத்தியம். அவருடைய 'பத்து நிமிஷத்துல வரேன்' எனக்குத் தெரியாதா. பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, திங்கள். ஆடிப்பெருக்கு.

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில்.

நான் முன்னாலேயே போய்விட்டேன். வராந்தா முழுக்க ஆட்கள். கல்பாக்கத்தில் வேலை செய்கிற ஒருவர், பையனோடு. ஒரே பாட்டிலில் இரண்டு பேர் தண்ணீர் குடிக்கிறார்கள், அவ்வளவு சிநேகம் அதற்குள். எல்லாரும் ஏதோ ஒன்றைத் தவறவிட்டவர்கள். ஒருத்தி இன்ஜினியரிங் பணம் கட்ட முடியாமல் வந்திருக்கிறாள். ஒருவனுக்குத் தேர்வு நேரத்தில் அம்மை. நான் பஜ்ஜி போட்டுத் தவறவிட்டேன் என்று சொன்னேன். சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, முதல் தடவையாக.

பெயர் கூப்பிட்டார்கள். பவித்ரா. போனேன். மார்க் போதும், சான்றிதழ் சரி. மேடம் நிமிர்ந்து, "பேரண்ட் எங்கேம்மா?" என்றார். வந்துகொண்டிருக்கிறார் மேடம். "வரலாற்றில் கடைசி ரெண்டு இடம். இன்னும் ஒருத்தரைக் கூப்பிடுவேன். அதுக்குள்ள வரணும், இல்லேன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்."

அப்பா போனை எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. அடுத்த பெண் உள்ளே போனாள். அவள் அப்பா கூடவே இருந்தார், கையில் பேனாவோடு. அவரைப் பார்த்து எரிச்சலாக வந்தது, அந்த மனிதர் என்ன செய்தார் பாவம். நான் வாசலுக்கும் வராந்தாவுக்கும் நடந்தேன். அப்பா வராவிட்டால் மேடம் காலில் விழுவது, அதுவும் நடக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு மட்டும் போவதில்லை.

அப்போதுதான் வேன் வந்தது. ஆட்களோடு. இறக்கிவிட நேரமில்லை என்று நாவலூர்க்காரர்கள் அத்தனை பேரையும் செங்கல்பட்டுக்கே ஓட்டி வந்துவிட்டார். ஏலத்துக்கு வந்தவர்கள் மாதிரி எல்லாரும் இறங்கிக் காலேஜைப் பார்த்தார்கள். ஒரு மாமி என்னிடம், "மனையிலேர்ந்து காலேஜ் நடக்கிற தூரம்னு உங்கப்பா சொன்னாரேம்மா, இவ்ளோ நேரம் வேன்ல வந்தோமே?" என்றார். வேகமாக நடந்தால் என்று சொல்லிவிட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மேடம் முன்னால் அப்பா போய் நின்றார். தினம் அத்தனை பேசுகிறவர். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார். போட்டார். நம்ம வீட்டில் முதல் டிகிரி நீதான் என்று வெளியே வந்து சொன்னார், அதுவும் ரொம்ப மெதுவாக.

இடம் கிடைத்துவிட்டது. பி.ஏ. வரலாறு. வியாழன் முதல் வகுப்பு.

கையெழுத்துப் போட்டது நல்ல எமகண்டத்தில். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்.

வெயில். தக்காளி மூன்று கூடை. நாளைக்கு ஏழேகால் பஸ். சட்னி அரைத்து வைத்துவிட்டுப் போ, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா. ஜெ. பழைய நோட்டு ஒன்று தருகிறாளாம், பாதி காலியாம். செருப்பு வார் தைக்க வேண்டும்.

பெருமாள் மறுபடி கடைக்கு. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம், நல்ல இடமாம், கூடுவாஞ்சேரியில் சொந்த வீடாம். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அம்மா தோசையைத் திருப்பினாள். "அவளுக்கு எடம் கெடச்சிச்சு அண்ணாத்த."

பெருமாள் தட்டை விட்டு நிமிர்ந்தார். "எனுக்குத் தெரியாமயா? எந்த ஊரு?"

"செங்கல்பட்டு."

"மாப்ள இன்னா பண்றாரு?"

"மாப்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலேஜி. மூணு வருசத்துக்கு அந்தப் பேச்ச இங்க எடுத்துகினு வராத. நாஸ்தாவுக்கு வா."

பெருமாள் விடவில்லை. நல்லதாகப் போயிற்று, டிகிரி முடித்தால் இதைவிடப் பெரிய இடமாகக் கொண்டுவருகிறேன் என்றார்.

அம்மா தோசைக் கரண்டியை அடுப்பு மேல் வைத்தாள்.

"அதுக்கோசரம் படிக்கல அவ."