பெயருக்குப் பின்னால்

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கல்யாணப் பத்திரிகை இன்று பீளமேடு விடுதிக்கு வந்தது. என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

முதல் வருடம் 'ஃப்ளையிங் கலர்ஸில் பாஸ்' என்று எழுதினேன். அர்த்தம் கேட்டீர்கள். கொடி பறக்க ஜெயிப்பது என்றேன். அன்றிலிருந்து பால் சொசைட்டியில் அதே பேச்சு. பெண் வீட்டிலும், "பையன் எல்லாத்துலயும் ஃப்ளையிங் கலர்ஸ்ல பாஸ் பண்ணிப்போட்டானுங்க" என்றீர்கள். பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

எனக்கு இன்னும் பதினோரு அரியர் இருக்கிறது அப்பா. பத்திரிகை வைப்பதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பத்திரிகை வந்த உறையின் மேல் 'ஃப்ளையிங் கலர்ஸ்' என்ற அந்த வார்த்தையை ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடவே சிரமப்படுகிற நீங்கள், அதை எத்தனை நாள் எழுதிப் பழகினீர்கள்?

ஊருக்கு வர முகமில்லாத,
உங்கள் மகன்