ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. நல்லம்பள்ளிக்கு வெளியே, விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவு. தார் போட்டாயிற்று, கல் நட்டாயிற்று, வீடு ஒன்றுகூட இல்லை. சோதனைக்கு அருமையான இடம். ஆடுகள் மட்டும் தொல்லை.

இழுவை வண்டி பிரமாதம். ஆள் இல்லாமல் வரும், பழுதான வண்டிக்கு முன்னால் நிற்கும், இரும்புக் கம்பியால் கோத்துவிட்டால் இழுத்துப் போகும். பழுதான வண்டியின் சொந்தக்காரர் தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தால் போதும். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் இறக்கத்தில், வண்டி இழுக்கவென்று இன்னொருவர் ரோட்டில் இறங்கி நிற்க வேண்டாம். அதற்குத்தான் இத்தனை பாடும்.

சிக்கல், சோதனைக்குப் பின் வண்டியில் உட்கார ஆள் இல்லை. இன்று வந்தவர் முனியப்பன், தக்காளி டெம்போக்காரர். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே கையை வெளியே போட்டுக் கதவில் ஒரு அடி. வண்டி போய்க்கொண்டே இருந்தது. இன்னும் பலமாக அடித்தார். நான் ஓரமாக நின்று ரிமோட்டில் நிறுத்தினேன்.

"யாருக்குங்க தட்டுனீங்க? முன்னாடி ஆளே இல்லீங்களே. நிறுத்தறதுக்கு போன்ல சிவப்பு பட்டன் குடுத்திருந்தேனே."

"தட்டுனா நிக்கணுங்க. நிக்காத வண்டிக்குப் பின்னாடி நா வரமாட்டேன். வூட்ல வேல கெடக்குது."

போய்விட்டார். வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து மேலாளர் வருகிறார். வண்டிச் சொந்தக்காரர் ஒருவராவது முழுச் சுற்று வராவிட்டால் வண்டியைத் திருப்பி எடுத்துப்போய்விடுவார்கள். ஒன்றரை வருட உழைப்பு. ஒரு கதவடியில் காலி.

ஜூன் 10, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

நிர்மலா (எங்கள் குழுவில் வடிவமைப்பு அவள்தான், இனி நி.) முனியப்பன் வீட்டுக்கே போய்வந்தாள். போன வருஷம் அவர் டெம்போ நின்றுபோய், மச்சான் கயிறு கட்டி இழுத்திருக்கிறார். இவர் தட்ட, அவருக்குப் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பம்பர் போயிற்று. ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ. பஸ்ஸிலும் லாரியிலும் எல்லோருக்கும் தெரிந்த பாஷை. எனக்கும் தெரியும். யோசிக்கவில்லை.

நான் இழுவை வண்டியில் வைத்த திரை, கலர் விளக்கு, குரல் எல்லாம் காட்டினேன். நி. பார்த்துவிட்டுச் சொன்னது:

"அது பேசறதுக்கு ஆயிரம் வழி வச்சிருக்க. அது கேக்கறதுக்கு ஒண்ணுகூட வெக்கல."

எரிச்சல். ஆனால் சரி. மூளை, நிஜமாகவே மூளை அவளுக்கு.

ஜூன் 11, புதன்

வாங்க: காந்தம், ரப்பர் ஷீட், டேப். அம்மாவுக்கு மாத்திரை (மறக்காதே).

நி. யோசனை: கதவில் காந்தத்தால் ஒட்டும் சின்னப் பெட்டி. தட்டை உணர்ந்து முன் வண்டிக்குச் சொல்லும். யோசனை அவளுடையது, மற்ற பாடு என்னுடையது. சக்கரம் குழியில் விழுந்தாலும் பெட்டிக்குத் தட்டு மாதிரியே இருக்கிறது. உள்ளங்கை அதிர்வு வேறு, குழி அதிர்வு வேறு. பிரிக்கப் பகல் முழுக்கப் போயிற்று. எங்கள் ஆபீஸ் வண்டிக் கதவை அடித்து அடித்துக் கை சிவப்பு.

விதி: சந்தேகம் வந்தால் நில். சந்தேகத்தில் கிளம்பாதே.

மாத்திரை மறந்தேன்.

ஜூன் 12, வியாழன்

வெயில். ஆபீஸ் வண்டியைக் கோத்து இழுத்துப் பார்த்தோம். நி. கேட்டாள், "நீ உள்ள உக்காந்திருக்கியா என்னிக்காவது?" இல்லை. ரிமோட் அவளிடம், நான் உள்ளே.

முன்னால் காலி சீட். என் ஸ்டியரிங், என் பிரேக், ஆனால் போவது நான் இல்லை. சிறுபாலம் வளைவில் என் கை தானாக வெளியே போய் அடித்தது. நின்றது. மென்மையாக. தட்டியதும் நான்தான், அதன் நிரலை எழுதியதும் நான்தான். அப்படியும், கிளம்ப வைத்து இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன்.

நி. சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு.

சாயங்காலம் இருவருமாக முனியப்பன் வீட்டுக்கு. "தட்டுனா நிக்கும்ங்க" என்றேன். "பாப்பம்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

மேலாளர் காலையிலேயே ஆஜர். புது ஷூ, ஆட்டுப் புழுக்கை. முனியப்பன் வந்தார். அப்பாடா. அவர் டெம்போ கதவில் பெட்டியை ஒட்டினோம்.

கிளம்பியது. மேட்டில் ஒரு தட்டு. நின்றது. காரணமே இல்லை. இரண்டு தட்டு. போனது. சிறுபாலத்தில் மறுபடி. திருப்பத்தில் மறுபடி.

மேலாளர்: "இவ்ளோ தடவை நிறுத்தறாரே. அப்ப நம்பல, ஃபெயிலியர்தானே?"

நி.: "நிக்குதான்னு பாக்கறாருங்க சார். பாத்து முடிக்கட்டும்."

முடித்தார். சுற்று வந்து, கேட்காமலே இரண்டு தட்டு தட்டி இன்னொரு சுற்று கிளம்பினார். அதில் தட்டே இல்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கதவில் சும்மா.

இறங்கி வந்து என்னிடம், "சொன்னா கேக்குதுங்க. எம் மச்சானுக்கு இது தேவலாம்."

வண்டி இங்கேயே இருக்கும். மேலாளர் போகும்போது கதவுப் பெட்டியைத் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் போல.

ஜூன் 14, சனி

தூறல். மாத்திரை வாங்கியாயிற்று.

முனியப்பன் போன். "உங்க வண்டி சும்மாத்தான நிக்குது? எம் மச்சான் டெம்போ அதியமான்கோட்டைகிட்ட படுத்துருச்சு. அனுப்பி வுடுங்க."

ரோட்டில் ஓட்ட இன்னும் அனுமதி இல்லை, வர நாளாகும் என்றேன்.

"செரி, வரட்டும். அதுவரைக்கும் அவன் அங்கயே நிக்கட்டும்."