சித்தப்பா வீட்டுக் கரண்டு

அமரவிளை
9-9-1996

அன்பு மகள் ஸ்ரீகலாவுக்கு அப்பா எழுதுவது. என் முதுகைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க மகேஸ்வரத்தப்பன் துணை.

உன் சித்தப்பா மகள் நந்தனாவின் கல்யாணம் முடிந்தது. பாகம் பிரித்த அன்று சாயங்காலமே வீட்டை ஒட்டி நாம் இருந்த சாய்ப்புக்கு வந்த ஒயரை அறுத்தவன் உன் சித்தப்பா காந்திமதிநாதன். நீ மெழுகுவத்தி வெளிச்சத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்ததை நான் மறக்கவில்லை. அவன் வீட்டுக் கரண்டு இனி என் மேல் படாது என்று அன்று சொன்னதை இதுவரை காப்பாற்றி வந்தேன். உன் அம்மா போயே தீர வேண்டும் என்றதால், கட்டிலும் ஸ்டவ்வும் வைத்து ஊர் சுற்ற வாங்கிய பழைய வேனிலேயே முந்தின நாள் போய்ப் படுப்பது என்று முடிவு செய்தேன். கல்யாணத்துக்கு வாறீங்களா, கூடாரம் அடிக்க வாறீங்களா என்று அவள் கேட்டாள்.

பாகத்தில் அவனுக்கு வீடும் எனக்கு அதன் கூடத்தில் தொங்கிய மூன்று கண்ணாடி விளக்குகளும் கிடைத்தது உனக்குத் தெரியும். அவற்றை வேனுக்குள் மாட்டினேன். ஃபியூஸ் போன பல்புகளின் கண்ணாடியை உடைத்தெடுத்து, பித்தளை மூடிக்குள் பன்னிரண்டு வோல்ட் கார் பல்பைப் பற்றவைத்தால் பழைய ஹோல்டரில் அப்படியே பொருந்தும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும் என்பதால் ஒயரும் தடிமனாகப் போட்டேன். பௌதிகம் படித்தவனாக்கும் நான்.

வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று அவன் வீட்டு கேட்டுக்கு நேராக வேனை நிறுத்தி, விடியும்வரை எரியவிட்டேன். விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஒரே பேட்டரி என்பதைக் காலையில்தான் நினைத்தேன். வண்டி முனகக்கூட இல்லை. கோயிலில் முகூர்த்தம் நெருங்குகிறது, பெண்ணின் காரும் உறவினர் ஜீப்புகளும் உள்ளே மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கின்றன. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன் சித்தப்பா வந்தான். அண்ணே, வெளிச்சம் கொள்ளாம், ஜோராத்தான் இருக்கு கேட்டியளா, வண்டிதான் நவுராது, ஸ்டியரிங்கைப் பிடியுங்க என்றான். இத்தனை வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்று தள்ளினேன், முதுகு பிடித்தது அப்போதுதான். மேட்டில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஓரமாக ஒதுங்கியது. கோயிலுக்கு அவன் காரிலேயே போனேன். வேறு வழியில்லை.

சாப்பிட்டு வந்து பார்த்தால் வேனில் பேட்டரி இல்லை. என்னைக் கேட்காமலே கழற்றித் தன் மைக் செட் கடை சார்ஜரில் போட்டிருக்கிறான். சாயங்காலம் அவனே சுமந்து வந்து மாட்டி, நிறைய ஏத்தியிருக்கேன் அண்ணே, ஒரு வாரம் எரியும் என்றான். கிண்டலா பாசமா என்று தெரியவில்லை.

அந்தக் கரண்டைத் தீர்த்துவிட வேண்டும் என்று தினமும் அந்தியில் வேனில் உட்கார்ந்து விளக்கை எரியவிடுகிறேன். இதையும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் நெய்யாற்றின்கரை சந்தைக்குப் போய்வந்தால் எஞ்சின் மறுபடி ஏற்றிவிடுகிறது. இதில் அவன் கொடுத்தது எவ்வளவு, என் டீசலில் வந்தது எவ்வளவு என்று பிரிக்க நான் படித்த பௌதிகத்தில் வழியில்லை.

வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை. இருவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். வரும்போது அங்கே கிடைக்கும் நல்ல பன்னிரண்டு வோல்ட் பல்பு மூன்று வாங்கி வா. நான்காகவே வாங்கு. அவன் தன் மைக் செட் ஜீப்புக்கு ஒன்று கேட்டான். கொடுப்பேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

உன் அப்பா
தாணு