மூன்று நாள் பஞ்சு

காலையில் கொட்டகையைத் திறந்ததும் வெல்லப்பாகு காந்திய வாசனை முகத்தில் அடித்தது. அக்கா, நீ போன அன்று அணைத்த அடுப்பு. ஒரு மாதமாகக் கடலைமிட்டாய் போடவில்லை. ஆனாலும் யாரோ இப்போதுதான் கிளறிவிட்டுப் போன மாதிரி இருந்தது. பின்பக்கம் போய்ப் புகைக்கூண்டை நிமிர்ந்து பார்த்தேன். செங்கல் பெயர்ந்த சந்தில் நான் செருகிய பஞ்சு அப்படியே இருந்தது. இன்று மூன்றாம் நாள்.

நம் பஞ்சுப் பழக்கத்துக்குக் காரணமே என் அவசரம்தான். நீ கோயில் கொடைக்குப் புதூர் போயிருந்தாய். மைனா எச்சம் விழுந்து ஒரு சட்டிப் பாகு வீணாகிவிட்டதென்று, ஆள் கூட்டிவந்து புகைக்கூண்டின் ஒரு சந்தில் கம்பிவலை அடித்துவிட்டேன். ஒரு மைனா வாயில் வெட்டுக்கிளியோடு வந்து வலையை முட்டிக்கொண்டே இருந்தது. கிறுக்குப் பிடித்த பறவை என்று சிரித்தேன். இரண்டு நாள் சுவருக்குள் கீச்சுச் சத்தம். மூன்றாம் நாள் சத்தம் நின்றது. தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேனே, பாவி.

நீ வந்து வலையைப் பிரித்து நாலு குஞ்சுகளை முந்தானையில் எடுத்தாய். திட்டவில்லை.

"ஏட்டி, அடைக்கது தப்பில்ல. உள்ள யாரு இருக்காவன்னு பாத்துட்டு அடை."

அதற்குப் பிறகுதான் பஞ்சு. சந்தில் லேசாகச் செருகினால், உள்ளே உயிர் இருந்தால் போகவர அதைத் தள்ளிவிடும். மூன்று நாள் அசையாமல் இருந்தால்தான் வலை. பஞ்சு விழுந்தால், குஞ்சு பறக்கும்வரை சட்டிக்கு மேலே தகரம் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். மைனாக்களுக்கு வேப்பமரத்தில் கலயம் வேறு கட்டினாய். பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி, "மிட்டாய் போடுதீயளா, சத்திரம் நடத்துதீயளா?" என்று கேட்பார். இப்படியே எல்லாச் சந்தும் அடைபட்டு, இது ஒன்றுதான் மிச்சம்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். நான் அழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயுமுன் தூக்கிவிட்டார்கள். மூன்று நாள் பார்க்கவில்லையே என்று வாய்வரை வந்துவிட்டது.

காரியம் முடிந்ததும், கேஸ் அடுப்புக்கு மாறலாம், இந்தச் சந்தையும் அடைத்துவிடலாம் என்று பஞ்சு வைத்தேன். மறுநாள் அது தரையில் கிடந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. எச்சம் இல்லை, ஒரு இறகு இல்லை. பகலெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்தேன்; எதுவும் வரவில்லை, போகவில்லை. வேப்பிலை அசையாத நாளிலும் பஞ்சு விழுந்தது. நீ இருந்தால் வேலையற்றவள் என்பாய்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஏணி வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். "சும்மாதாங்க்கா கெடக்கு. காத்து தள்ளுது" என்று கையை உள்ளே விட்டவர், சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"என்ன?"

"உள்ள வெதுவெதுன்னு இருக்குக்கா."

அடுப்பு அணைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சு விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் தினமும் எழுந்தேன். விழுந்திருந்தால் சந்தோஷம். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

முந்தாநாள் விழவில்லை. நேற்றும் இல்லை.

இன்று எட்டு மணிக்குக் கொத்தனார் வலையும் சிமெண்டுமாக வந்தார். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஏணியில் ஏறினேன். சந்துக்குள் விரலை விட்டேன். சில்லென்று இருந்தது. பஞ்சை இழுத்துக் கீழே போட்டுவிட்டு இறங்கினேன்.

"விழுந்து கெடக்கு, பாருங்க. உள்ள இருக்காவ. மூணு நாள் கழிச்சு வாங்க."

அவர் பஞ்சைப் பார்த்தார். என் விரலில் ஒட்டியிருந்த கரியையும் பார்த்தார்.

"சரிக்கா, வாரேன்" என்று சைக்கிளைத் திருப்பினார்.

உயிரில்லாத இடத்தை அடைப்பதில் பாவமில்லை என்று நீயே சொல்வாய். எனக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை.