அத்தான் சுத்தம் செய்த கிணறு

திங்கள், 3

காலையிலிருந்து மழை. ஃபெர்ரி முழுக்க ஈரக் குடை நாற்றம். ஆய்வுக்கூடத்தில் ஏசி மறுபடி படுத்துவிட்டது. மேனேஜர் அறையில் மட்டும் ஓடுகிறது, அது எப்படி?

புதன் முதல் பைப்புத் தண்ணீர் நிற்கப் போகிறது, ஏதோ பெரிய குழாய் மாற்றுகிறார்களாம். பினாங்கே வாளி வாங்க ஓடுகிறது. வாங்க வேண்டியது: மூடி போட்ட வாளி, மெழுகுவர்த்தி. (மெழுகுவர்த்தி எதற்கு? நிற்பது தண்ணீர். நானும் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டேன்.)

தாசேக் கெலுகோரிலிருந்து அக்கா போன். அவர்கள் தாமான் குடியிருப்புக்குக் கவலையே இல்லையாம், கோயில் கிணறு இருக்கிறதாம். "உங்க அத்தான் சேத்தெல்லாம் கிண்டி, என்சைம் ஊத்தி, கெணத்தையே சுத்தம் பண்ணிட்டாரு. நேத்துலேருந்து நாங்க அதைத்தான் குடிக்கிறோம்."

அத்தான், கோயில் கமிட்டித் தலைவர். ஓய்வு பெற்றதிலிருந்து ஊரில் எதையும் சும்மா விடுவதில்லை. என்சைம் என்பது பழத்தோலையும் சீனியையும் மாதக்கணக்கில் புளிக்க வைத்த தண்ணீர். தரை துடைக்க, செடிக்கு, மூட்டு வலிக்கு. இப்போது கிணற்றுக்கும்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு காலத்தில் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்தது. கொட்டகை போய்விட்டது, ஈயம் போகவில்லை. போன வருடம் அந்தக் கிணற்றை நானே சோதித்தேன். அடிச்சேறு முழுக்க ஈயம், மேலே தண்ணீர் ஏறக்குறைய சுத்தம். களிமண் ஈயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கலக்காதீர்கள், புளிப்பாக எதையும் ஊற்றாதீர்கள், புளிப்புப் பட்டால் மண் பிடியை விட்டுவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அத்தான் அப்போது வடை தின்றுகொண்டிருந்தார். உள்ளே போனது வடை மட்டும்தான். புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்குகிற வீட்டில் இதற்கு மேல் எப்படி விளக்குவது?

குடிக்காதே என்றேன். "அவர்கிட்ட நீயே பேசிக்க" என்று போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய், 4

அரை நாள் லீவு. மேனேஜர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும். போத்தல்களோடு போய்த் தண்ணீர் எடுத்தேன். தண்ணீரில் காடி வாசம். சுற்றி நின்றவர்கள் அதைத் தீர்த்த வாசம் என்கிறார்கள். மூக்கு எதற்கு இருக்கிறதோ.

அத்தான்: "எல்லாம் இயற்கை லா, மாலதி. கெமிக்கல் ஒண்ணும் கெடையாது."

"பாம்பு விஷமும் இயற்கைதான் அத்தான்."

"நாங்க கொதிக்க வச்சித்தான் குடிக்கிறோம்."

"கொதிச்சா கிருமி சாகும். ஈயத்துக்கு உசிரா இருக்கு சாகுறதுக்கு? தண்ணிதான் வத்தும்."

"நீ எதுக்குத்தான் சரின்னு சொல்லிருக்க? போன திருவிழாவுல பந்தல் விழும்னு சொன்ன. விழுந்துச்சா?"

விழவில்லை. கட்டியவனுக்கு அதிர்ஷ்டம்.

பிரியா காபி கொண்டு வந்தாள். அக்கா மகள், ஐந்து மாதக் கர்ப்பிணி. ஓய்வெடுக்கக் கோலாலம்பூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். காபியும் அந்தத் தண்ணீரில்தான், நான் தொடவில்லை. "சீனி கம்மியா சின்னம்மா?" என்றாள். தலையை ஆட்டிவிட்டு அத்தானோடு விட்ட இடத்தில் சண்டையைத் தொடர்ந்தேன். அந்த ஆளிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

புதன், 5

முடிவு வந்துவிட்டது. ஈயம் வரம்பைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. வடிகட்டிய தண்ணீரிலும் அதே கதை. சேறு கலங்கியதால் மட்டும் அல்ல, கரைந்தே இருக்கிறது. நான் சொன்னது சரி. சந்தோஷமா என்றால், கொஞ்சம் சந்தோஷம்தான். வெட்கக்கேடு.

சுகாதார அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். ஆள் வருவாராம், அடுத்த வாரம். அதுவரை ஈயம் காத்திருக்குமாம்.

அக்காவின் தாமான் வாட்ஸப் குழுவில் என்னையும் எப்போதோ சேர்த்திருந்தார்கள். அதில் விளக்கமாக எழுதினேன். வந்த பதில்கள்: கும்பிட்ட கை, கட்டைவிரல், 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ (அப்போது மாலை). ஒருவர் மட்டும் அக்கறையாக: "இது ஃபார்வர்ட் மெசேஜா சிஸ்டர்?"

அதற்குக் கீழேயே அத்தான் போட்ட படம். கிணற்றடியில் நீளமாக வரிசை, நடுவில் மாலையோடு அவர். தண்ணீர் கொடுத்ததற்கு மாலை.

வியாழன், 6

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். கிணற்றடியில் வாளியும் கையுமாகக் கூட்டம். இன்று ஈயம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். "ஐயையோ! எலி! செத்து ஊதிப்போய்க் கெடக்கு! இப்பத்தான் உள்ள முங்குச்சு!"

பச்சைப் பொய். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை வாளியும் சாக்கடையில் கவிழ்ந்தது. அத்தான் தாமே ஓடிப்போய்ப் பலகை கொண்டுவந்து கிணற்றை மூடினார், "சிவ சிவா, தீட்டு, தீட்டு." ரோஜாப்பூ அனுப்பிய அம்மாள் வாந்தியே எடுத்துவிட்டார். ஆய்வுக்கூடத்து மெஷின் விலைக்கு ஒரு வீடு வாங்கலாம். ஜெயித்தது இல்லாத எலி. இவர்களுக்காகவா நான் கெமிஸ்ட்ரி படித்தேன்? தூ.

வீட்டுக் கொல்லையில் பிரியா. "நெஜமாவே எலியா, சின்னம்மா?"

இவளிடம் பொய் வரவில்லை. ஈயம் என்றேன். மண்ணில் ஒட்டியிருந்தது எப்படித் தண்ணீருக்கு வந்தது என்று சொன்னேன். நடுவில் நிறுத்தினாள்.

"புள்ளைக்கு?"

நல்லதில்லை என்றேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கெழமையே சொல்லிட்டேனே."

என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

வெள்ளி, 7

வெயில். பட்டர்வொர்த் கிளினிக். ரத்தம் எடுத்தாயிற்று, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. அத்தான் மகளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி. இன்று அவரைத் திட்டவில்லை.

டாக்டர் தமிழ்ப் பெண், சின்ன வயது. எப்போதிருந்து குடித்தீர்கள் என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் பிரியாவே சொன்னாள். கோபமே இல்லாத குரல்.

"ஞாயித்துக்கெழமையிலேருந்து, டாக்டர். செவ்வாக்கெழமை சின்னம்மா வந்தாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு நாள் குடிச்சேன்."