ரெண்டு இன்ச் இறக்கிய ஃபுட்ரெஸ்ட்

இன்று காலை என் வெல்டிங் கடைக்கு ஒரு பெண் வந்தாள். ஆறடிக்கு ஒரு விரல்கடைதான் குறைச்சல். ஓட்டி வந்ததோ ரேஸ் வண்டி போலக் குனிந்து ஓட்டுகிற சின்ன வண்டி. இறங்கியதும் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ஃபுட்ரெஸ்ட்ட ரெண்டு இன்ச் கீழ எறக்கிக் குடுக்க முடியுமாண்ணா?" என்றாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டேன். என் நெட்டைக் கூட்டாளியே, உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. அஞ்சாவதோடு நின்ற கை எழுதுகிறது, பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

பல வருஷத்துக்கு முன்னால் நீயும் இதையேதான் கேட்டாய். சேலத்தில் யாரோ ஹேண்டிலைத் தாழ்த்தி ரேஸ் வண்டியாக்கி வைத்திருந்ததை ஆசைப்பட்டு வாங்கி வந்திருந்தாய். திருப்பினால் ஹேண்டில் முட்டியில் இடிக்கும். "கொடிமரத்த மடக்கி ஆட்டுக்குட்டி மேல கட்டிவுட்ட மாதிரி இருக்குதுடா" என்றேன். தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். "சிரிச்சது போதும் குள்ளா, வேலையப் பாரு."

ஹேண்டிலை நாலு விரல் உயர்த்தினேன். சீட்டில் ஸ்பாஞ்ச் சேர்த்தேன். கடைசியாக ஃபுட்ரெஸ்ட். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துக் கீழே இறக்க வேண்டும். இடது பக்கம் முழுசாகப் பற்றவைத்தாயிற்று. வலது பக்கம் பட்டை சும்மா பிடித்து நிற்க இரண்டு பொட்டு வைத்ததும் கரன்ட் போய்விட்டது.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. மலைமேல் வெள்ளிமலையில் நீ வேலை பார்த்த ரேஷன் கடையின் சாவி உன் இடுப்பில் இருந்தது. "மேல ஜனம் அரிசி இல்லாம குந்திக்கினு இருக்கும்டா" என்று நாலு நாளாக என் கடையையே சுற்றிச் சுற்றி வந்தாய். கரன்ட் வந்ததும் சுரண்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம், அதுவரை துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

மறுநாள் காலையிலும் கரன்ட் வரவில்லை. நீ வந்துவிட்டாய். காலை வைத்துப் பார்த்துவிட்டு, "தாங்குமாடா?" என்றாய்.

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. "உன்ன பூமியே தாங்குது, இது தாங்காதா? போடா" என்று கேலி முந்திக்கொண்டது. நீ போய்விட்டாய்.

உன் வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் யோசித்தேன். வலது கால்தான் பிரேக் கால். மலை வளைவில் அது ஒடிந்தால்? சைக்கிளை எடுத்துக்கொண்டு, மலைக்குப் போகிற கச்சிராயபாளையம் சாலையில் மிதித்தேன். குறுக்கே கிடந்த புளியமரத்துப் பக்கம் கூட்டம் நின்றது.

"நெட்டையா ஒருத்தன், சின்ன வண்டில..."

"நாங்கதாண்ணா தூக்கி அந்தாண்ட எறக்கிவுட்டோம். எப்பவோ போய்ட்டாரு. இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

பதிலுக்கு ஒரு கேலி சொல்லப் பார்த்தேன். கேலி வராமல் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினேன்.

மலையேற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்க்கப் பயம், பார்க்காமல் தாண்டவும் பயம். ஓரிடத்தில் தார் மேல் புதுக் கீறல் ஒன்று, வெள்ளையாய். வளைவில் வண்டி சாய்ந்தபோது இறக்கிய இரும்பு தரையைத் தேய்த்திருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. உன் பெயரைக் கத்தினேன்.

அடுத்த வளைவில் நீ தடுப்புச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தாய். உயிரோடு! சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். வலது ஃபுட்ரெஸ்ட் வளைந்து தொங்கியது. சாவியால் பெயின்டைச் சுரண்டி, அந்த இரண்டு பொட்டையும் பார்த்து முடித்திருந்தாய்.

"பெயின்ட்டு நல்லா அடிச்சிருக்கற."

நான் குனிந்து தொங்கிய இரும்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"சொல்லியிருந்தா ஒரு கால தொங்கவுட்டுக்கினே வந்திருப்பேன். இல்லன்னா நடந்திருப்பேன். அவ்ளோதானடா?"

அதற்கு மேல் திட்டவில்லை. எழுந்து, "வா, தள்ளு" என்றாய். வெள்ளிமலை வரை ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். ஊரில் யாரிடமும் நீ இதைச் சொல்லவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உன் கால் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. "குள்ளா, இதையும் கொஞ்சம் நீட்டிக் குடேன்" என்றாய். சிரித்துவிட்டு வராண்டாவுக்குப் போய் அழுதேன்.

இப்போது எந்த வண்டிக்கும் பற்றவைத்த அன்று பெயின்ட் அடிப்பதில்லை. நானே மேலே ஏறிக் குதித்துப் பார்க்கிறேன், சொந்தக்காரன் கையில் சுத்தியலைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறேன். வளைவில் தரை தட்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனைக்குப் பிறகும் அந்தப் பயம் போகவில்லை. "வூடு போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்கிறேன். காலையில் வந்த பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன். ஊரையே கேலி செய்தவனை இன்று ஊர் கேலி செய்கிறது. செய்யட்டும். அந்த ஃபோன் மணி அடிக்கிற வரைக்கும் நான் ஷட்டரை இறக்குவதில்லை.